தலைப்பிலிருந்து முகவரி: பெயரா, எண்ணா, எந்த எழுத்து?

இணையத்தில் ஒரு கட்டுரையை ஏற்றும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பழைய கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தின் முகவரி எதைச் சொல்ல வேண்டும்? கட்டுரையின் தலைப்பையா, வரிசை எண்ணையா, வெளியான நாளையா? பெரும்பாலான தளங்களில் இந்த விடையை எழுத்தாளருக்குப் பதிலாக மென்பொருளே சொல்லிவிடுகிறது. தலைப்பைத் தட்டச்சு செய்ததும் அது நிறுத்தக்குறிகளைக் களைகிறது. இடைவெளி இருந்த இடத்தில் சிறுகோடு போடுகிறது. கிடைத்த சொற்கோவையை முகவரியின் கடைசியில் ஒட்டிவிடுகிறது. செய்தித்தாள் அலுவலக வழக்கிலிருந்து வந்த பெயரால் இதை ‘ஸ்லக்’ என்கிறார்கள்.

ஆங்கிலத் தலைப்புகளுக்கு இது கிட்டத்தட்ட முடிந்துபோன விவகாரம். தமிழ்த் தலைப்புகளுக்கு அப்படியில்லை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் தமிழைச் சந்திக்கும்போது தலைப்பு காணாமல் போகலாம், சிதையலாம், பாதியில் அறுபடலாம். இந்தக் கேள்விக்கு முப்பது ஆண்டுகளில் சொல்லப்பட்ட விடைகளை மூன்று பிரிவுகளாகப் பார்க்கலாம்: முகவரியில் பொருள் இருக்க வேண்டுமா, இருந்தால் தேடுபொறிக்கு அதனால் பயன் உண்டா, தமிழ்த் தலைப்பு எந்த எழுத்தில் முகவரியாக வேண்டும்.

பொருள் வேண்டுமா? முதல் இரண்டு விடைகள்

இணைய முகவரியின் இலக்கணத்தை வகுத்த ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணம் 1994 டிசம்பரில் வெளியானது. அன்றைய முகவரிகள் பெரும்பாலும் வழங்கியில் கோப்பு எங்கே கிடக்கிறது என்பதை அப்படியே காட்டின. தரவுத்தளத்திலிருந்து பக்கங்களை ஆக்கித் தரும் தளங்கள் பெருகியபின், கேள்விக்குறியும் எண்களும் நிறைந்த முகவரிகள் வந்தன. உள்ளே எண்ணால் இயங்கும் தளத்துக்கு வெளியே சொற்களால் ஆன முகவரி கொடுக்க வழி செய்தவற்றில் முக்கியமானது, ரால்ஃப் எங்கல்ஷால் 1996இல் எழுதிய ‘மாட் ரீரைட்’ என்ற அப்பாச்சி வழங்கியின் துணை நிரல். தலைப்பை முகவரியாக்கும் வழக்கம் பரவ அது தொழில்நுட்ப வாசலைத் திறந்தது.

1998இல் உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய சிறு கட்டுரை, நல்ல முகவரி மாறாது என்ற நிலைப்பாட்டை முன்வைத்தது. முகவரியில் எவற்றை வைக்கக் கூடாது என்று அவர் பட்டியலிட்டார்: ஆசிரியர் பெயர், பொருட்பிரிவு, ‘வரைவு’ போன்ற நிலைக்குறிப்பு, கோப்பு வகையைக் காட்டும் பின்னொட்டு. இவை எல்லாமே நாளடைவில் மாறக்கூடியவை. உருவான நாள் மாறாது என்பதால் அதை வைக்கலாம் என்றார். இந்த வாதத்தின் வலிமை காலத்தைப் பற்றிய அதன் அக்கறை. எதைத் தவிர்ப்பது என்பதில் தெளிவாக இருக்கும் இது, முகவரியைப் பார்க்கும் வாசகருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதன் குறை இதுதான்.

மறு ஆண்டே, 1999இல், பயன்பாட்டியல் வல்லுநர் யாக்கப் நீல்சன் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசினார். முகவரியும் வாசகர் கையாளும் இடைமுகத்தின் ஒரு பகுதியே என்பது அவர் கொள்கை. சுருக்கமாக, சிறிய எழுத்தில், எளிதில் தட்டச்சு செய்யும்படி, கடைசித் துண்டை வெட்டினால் மேல்நிலைப் பக்கத்துக்குப் போகும்படி முகவரி இருக்க வேண்டும் என்றார். ஆனால் முகவரியை மக்கள் கையால் தட்டச்சு செய்த காலத்தின் வாதம் இது. இன்று பலர் முகவரிப் பட்டையைத் தேடல் பெட்டியாகவே பயன்படுத்துகிறார்கள். கைப்பேசியில் முகவரியின் பெரும்பகுதி கண்ணுக்கே தெரிவதில்லை. ஆயினும் இணைப்பைப் பகிரும்போதும், அச்சில் குறிப்பிடும்போதும், இது நம்பத்தக்க தளமா என்று சந்தேகிக்கும்போதும் மனிதக் கண் முகவரியின் மேல் படுகிறது. அந்த அளவில் நீல்சனின் வாதம் இன்னும் செல்லுபடியாகிறது.

தேடுபொறிக்காகவா?

மூன்றாவது விடை வணிகப் பக்கமிருந்து வந்தது. தேடப்படும் சொல் முகவரியில் இருந்தால் பக்கம் முன்வரிசைக்கு வரும் என்ற நம்பிக்கை 2000களில் வேரூன்றியது. அதற்கு ஓரளவு காரணமும் இருந்தது. தொடக்ககாலத் தேடுபொறிகள் கேள்விக்குறி உள்ள முகவரிகளைத் தவிர்த்தன அல்லது தயங்கித்தான் அணுகின. அதனால் ‘சுத்தமான’ முகவரி என்பது, பக்கம் தேடுபொறியின் கண்ணில் படுவதற்கே தேவையாக இருந்தது.

அந்தக் காரணம் நீடிக்கவில்லை. கேள்விக்குறி முகவரிகளைத் தன்னால் படிக்க முடியும் என்றும், அவற்றை மறைக்க வேண்டும் என்பதற்காகவே மாற்றி எழுத வேண்டியதில்லை என்றும் கூகுள் 2008இல் வெளிப்படையாகச் சொன்னது. தளம் நடத்துவோருக்கான அதன் இன்றைய வழிகாட்டி, முகவரியில் உள்ள சொற்களால் தரவரிசையில் ஏறக்குறைய விளைவே இல்லை என்கிறது. தேடல் முடிவுகளில் பக்கத்தின் வழித்தடமாக அவை தெரிவதே முக்கியப் பயன். சொற்களை அடிக்கோட்டால் இணைப்பதைவிடச் சிறுகோட்டால் இணைப்பது நல்லது என்ற பரிந்துரை மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

தேடுபொறி நிறுவனம் தன் தரவரிசை முறையைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் நிறுவனத்தின் கூற்றுக்கு எதிராக வைக்கப்படும் சான்றுகள் பெரும்பாலும் உடன்நிகழ்வைக் காட்டுபவை. கவனமாக நடத்தப்படும் தளங்களில் முகவரியும் நன்றாக இருக்கும், உள்ளடக்கமும் நன்றாக இருக்கும். முன்வரிசைக்கு எது காரணம் என்று அதிலிருந்து பிரித்தறிவது கடினம். ஒரு மறைமுகப் பயனை மட்டும் எச்சரிக்கையுடன் ஒப்புக்கொள்ளலாம். யாராவது முகவரியை அப்படியே ஒட்டி இணைப்புக் கொடுத்தால், அதில் உள்ள சொற்களே இணைப்பின் விவரிப்பாக நிற்கும். படிப்பவரும் சொடுக்கலாமா என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்வார்.

தமிழ்த் தலைப்பு: தொலைவதும் சிதைவதும்

ஆங்கிலத் தலைப்பை ஸ்லக் ஆக்கும் வழி எளியது. எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கு, எழுத்தும் எண்ணும் அல்லாதவற்றை நீக்கு, இடைவெளியைச் சிறுகோடாக்கு, வேண்டுமானால் சிறு இணைப்புச் சொற்களை விட்டுவிடு. இவற்றுள் ‘எழுத்து அல்லாததை நீக்கு’ என்ற படிதான் தமிழுக்குச் சோதனை.

மிகப் பழைய அனுபவம் பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவையில் எழுதியவர்களுடையது. முழுதும் தமிழில் இருந்த தலைப்பில் ஆங்கில எழுத்து ஒன்றும் கிடைக்காததால், அந்தச் சேவை ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுச்சொல்லையும் ஓர் எண்ணையும் சேர்த்து முகவரி ஆக்கியது. தமிழ் வலைப்பதிவுகளின் நூற்றுக்கணக்கான இடுகைகள் இப்படி ஒரே பெயரையும் வெவ்வேறு எண்களையும் தாங்கி நிற்கின்றன. முதலில் ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்டு, முகவரி உறுதியானபின் தலைப்பைத் தமிழுக்கு மாற்றுவது அன்றைய பதிவர்களிடையே புழங்கிய குறுக்குவழி. முகவரியைத் தாமே எழுதிக்கொள்ளும் வசதி 2012இல்தான் வந்தது.

சிதைவு இன்னும் நுட்பமானது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005இல் பொதுவில் வெளியான ‘ஜாங்கோ’ என்ற மென்பொருள் சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்லக் ஆக்கி நெடுங்காலம் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை முற்றாக நீக்கியது. 2015 டிசம்பரில் வெளியான 1.9ஆம் பதிப்பு, யூனிகோட் எழுத்துகளை விட்டுவைக்கும் தெரிவைத் தந்தது. ஆனால் எது எழுத்து என்று தீர்மானிப்பது அடியிலுள்ள பைத்தான் மொழியின் விதி. அந்த விதிக்கு உயிரும் அகரமேறிய மெய்யும் எழுத்துகள். புள்ளியும் கால், கொம்பு, சுழி ஆகிய உயிர்க்குறிகளும் எழுத்துகள் அல்ல. விளைவு, ‘தமிழ்’ என்ற சொல் ‘தமழ’ ஆகிறது. கல், கால், கலி, கூலி, கேலி ஐந்தும் ‘கல’ என்றே முடிகின்றன. சொற்களுக்குள் வரும் சேர்குறிகளையும் எழுத்தின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்பது யூனிகோட் அமைப்பின் பரிந்துரை. அதைப் பின்பற்றாத கருவிகளில் இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டுமின்றி இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் பொது.

ரோமன் எழுத்தில் பெயர்த்தல்

தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதிவிடலாம் என்பது பல செய்தித் தளங்களும் பதிவர்களும் தேர்ந்த வழி. முகவரி குறுகும், எங்கு ஒட்டினாலும் உடையாது, தமிழ் விசைப்பலகை இல்லாதவரும் தட்டச்சு செய்யலாம். அலைபேசியில் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிக்கும் தலைமுறைக்கு இது அந்நியமும் அல்ல.

குறைகள் இரண்டு. முதலாவது, துல்லியமான எழுத்துப்பெயர்ப்பு முறைகள் முகவரிக்குள் நுழையும்போது துல்லியத்தை இழக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் கையாண்ட முறையும், 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரமும் எழுத்துக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியும் இட்டு ல, ள, ழ ஆகியவற்றைப் பிரிக்கின்றன. ஸ்லக் ஆக்கி அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் துடைத்துவிடும். பிறகு பல்லியும் பள்ளியும் ஒன்று. மரமும் மறமும் ஒன்று. மனமும் மணமும் ஒன்று. கரியும் கறியும் ஒன்று. நெடில் குறி போனால் கல்லும் காலும்கூட ஒன்றாகும்.

இரண்டாவது, மக்கள் வழக்கில் உள்ள எழுத்துக்கூட்டலுக்கு ஒரே வடிவம் இல்லை. ‘கோயில்’ என்ற ஒரு சொல்லுக்கே மூன்று நான்கு ரோமன் வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. ஒரே தளத்தில் இரண்டு உதவி ஆசிரியர்கள் இரண்டு விதமாக எழுதினால், தேடுபவர் மூன்றாவது விதமாகத் தேடுவார். ழகரத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதும் மரபு பரவலானது என்றாலும் எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. ஒலிபெயர்ப்புக்குப் பதில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைக்கும் வழியும் உண்டு. செய்திக்கு அது ஒத்துவருகிறது. கதைத் தலைப்புக்கும் கவிதைத் தலைப்புக்கும் ஒத்துவருவதில்லை.

தமிழிலேயே விடுதல்

தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே முகவரியில் வைப்பதற்குத் தரநிலை ஆதரவு உண்டு. 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3987 எல்லா எழுத்துகளையும் ஏற்கும் முகவரி வடிவத்தை வரையறுத்தது. வாசகரின் மொழிச் சொற்களையே முகவரியில் பயன்படுத்தலாம் என்று கூகுளின் வழிகாட்டியும் சொல்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியதிலிருந்து கட்டுரைத் தலைப்பே அதன் முகவரி; அதனால் பக்கங்கள் தேடலில் பின்தங்கின என்று சொல்ல இடமில்லை. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற தமிழ் மேல்நிலைப் பெயர்களும் நடைமுறைக்கு வந்துவிட்டன.

சிக்கல் இந்த எழுத்துகள் பயணம் செய்யும் விதத்தில் இருக்கிறது. அதே 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986இன்படி, கம்பியில் போகும் முகவரியில் அடிப்படை ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே இருக்கலாம். மற்றவை ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக மாற வேண்டும். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள். ஆகவே முகவரியில் 9 இடங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லில் கணினி காணும் குறிகள் 5: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. அது முகவரியில் 45 இடங்களை அடைக்கும். உலாவி தன் பட்டையில் அழகிய தமிழைக் காட்டினாலும், படியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் இந்த நீண்ட குறிச்சரமே வந்து விழுகிறது. தமிழில் வைத்ததன் நோக்கம் வாசகர் படிப்பது என்றால், பகிரும் இடத்தில் அந்த நோக்கமே தோற்றுவிடுகிறது.

நீளம் வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருள் ஸ்லக்கை இப்படி மாற்றிய வடிவில்தான் சேமிக்கிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 200. ‘தஞ்சைப் பெரிய கோயில் கட்டப்பட்ட வரலாறு’ என்ற தலைப்பு, அப்படியொன்றும் நீளமானதல்ல; ஆனால் அதற்கு 310 இடங்கள் வேண்டும். தானாக உருவாகும் ஸ்லக் ‘தஞ்சைப்-பெரிய-கோயில்-கட்’ என்று நடுச்சொல்லில் நின்றுவிடும். விக்கிப்பீடியாவின் மென்பொருள் பைட்டுகளாகவே எண்ணுவதால் அதன் 255 பைட் வரம்பில் தமிழுக்கு ஏறக்குறைய 85 குறிகள் கிடைக்கின்றன. பெரும்பாலான தலைப்புகளுக்கு அது போதும். ஆக, இங்கே நெருக்கடி எழுத்தில் இல்லை, ஆங்கில அளவில் தைத்த சட்டையில் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ‘கௌ’ என்பதை ஔகாரக் குறியோடு எழுதலாம். ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெள’ என்றும் பலர் அடிக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு முகவரிகள். ‘கொ’வை ஒரே குறியாகவோ இரண்டு துண்டுகளாகவோ சேமிக்கும் வேறுபாட்டை யூனிகோடின் சீராக்க விதி சரிசெய்துவிடும். ளகரப் பிழையை எந்தச் சீராக்கமும் தொடாது, ஏனெனில் விதிப்படி அது பிழையே அல்ல.

சுருக்குவதிலும் தமிழ் வேறு வழியில் போகிறது. ஆங்கிலத்தில் தனித்து நிற்கும் இணைப்புச் சொற்களை நீக்கலாம். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டி நிற்கின்றன. சொற்களுக்கிடையே சந்தியும் உண்டு. ‘தஞ்சைப் பெரிய’ என்பதிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் ஒற்று அந்தரத்தில் தொங்கும். இயந்திரம் இதைச் செய்வது இயலாததல்ல. ஆனால் அதற்குச் சொல்லிலக்கணம் அறிந்த நிரல் வேண்டும், பரவலாகப் பயன்படும் தள மென்பொருள்களில் அது இல்லை.

எண்ணும் சொல்லும் சேர்ந்த வழி

பொருளே வேண்டாம், எண் போதும் என்ற நிலைப்பாட்டுக்குத் தமிழில் நல்ல முன்மாதிரி உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களுக்கு வரிசை எண்ணையே கோப்புப் பெயராக வைத்தது. முகவரியைப் பார்த்து நூலின் பெயரை ஊகிக்க முடியாது. ஆனால் தலைப்பின் எழுத்துக்கூட்டலைத் திருத்தினாலும் எண் மாறாது. பிபிசி தமிழும் கட்டுரைகளுக்குப் பொருளற்ற குறியீட்டையே முகவரியாக வைக்கிறது. ஆய்விதழ்களின் டிஓஐ எண்ணும் இதே தத்துவத்தில் இயங்குவது.

இவ்விரு துருவங்களுக்கும் நடுவே ஒரு சமரசம் பிறந்தது. 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளத்தின் முகவரியில் எண்ணும் தலைப்புச் சொற்களும் அடுத்தடுத்து வரும். பக்கத்தை அடையாளம் காட்டுவது எண், சொற்கள் மனிதருக்கு. சொல்லைத் தவறாக எழுதினாலும் எண் சரியாக இருந்தால் தளம் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். ஈழத்து நூல்களை ஆவணப்படுத்தும் நூலகம் தளத்தில் இதே பிரிவினை வேறு வடிவில் உண்டு: நூலின் பக்கம் தமிழ்த் தலைப்பில், கோப்பு எண்ணின் கீழ். தமிழ் விக்கிப்பீடியா நீண்ட தமிழ் முகவரிகளுக்குத் துணையாகக் குறுமுகவரிகளைத் தந்ததும் இந்தத் தேவையிலிருந்தே.

இந்த வழிக்கும் விலை உண்டு. ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் செல்லுபடியாகும் என்பதால், எது முதன்மை என்று தேடுபொறிக்குச் சொல்ல வேண்டும். எண்ணை அப்படியே வைத்துச் சொற்களை மட்டும் விஷமமாக மாற்றிப் பகிர்பவர்களும் இருப்பார்கள். தளம் உடனே சரியான முகவரிக்குத் திருப்பாவிட்டால் போலிச் சொற்கள் வாசகரை ஏமாற்றும்.

நிலைத்தல் என்ற உரைகல்

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதன் உண்மையான சோதனை தலைப்பு மாறும் நாளில் வருகிறது. செய்தித் தலைப்புகள் வெளியான பின்னும் திருத்தப்படுகின்றன; தளங்கள் மென்பொருள் மாறுகின்றன; வெவ்வேறு கட்டுரைகள் ஒரே தலைப்பில் வருகின்றன. வேர்ட்பிரஸ் இரண்டாவது கட்டுரையின் ஸ்லக்குக்குப் பின்னால் 2 என்று சேர்க்கும். பழைய ஸ்லக்கை நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். தளத்தையே வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது இந்த நினைவு பெரும்பாலும் கைவிடப்படுகிறது.

பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை. இவை அனைத்தும் முகவரி மாற்றத்தால் மறைந்தவை அல்ல. பல பக்கங்கள் நீக்கப்பட்டவை, பல தளங்கள் மூடப்பட்டவை. ஆனால் உள்ளடக்கம் உயிரோடிருந்தும் முகவரி மட்டும் செத்துப்போகும் பங்கு, தளம் நடத்துபவர் கையில் இருக்கும் பங்கு.

மதிப்பீடு

இதுவரையான விடைகளில் சிலவற்றை ஓரளவு உறுதியாக ஏற்கலாம். தேடுபொறி வாதம் அதன் தொடக்ககால வலிமையை இழந்துவிட்டது; சொற்கள் கொண்ட முகவரிக்கு இன்று நியாயம் வாசகர்தான். அடையாளத்துக்கு எண்ணும் விளக்கத்துக்குச் சொல்லும் என்ற பிரிவினை, தலைப்பு மாறினாலும் எழுத்துமுறை சிதைந்தாலும் தாக்குப்பிடிக்கிறது. தமிழ்த் தலைப்பைப் பொறுத்தவரை, தானாக ஆக்கிய ஸ்லக்கை அப்படியே விடுவதுதான் இருக்கும் வழிகளில் மோசமானது.

திறந்திருக்கும் கேள்விகளும் உண்டு. அந்தச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருப்பதா ரோமனில் இருப்பதா என்பதில் இறுதித் தீர்ப்புக்கு இடமில்லை. கலைக்களஞ்சியத்துக்குத் தமிழ் எழுத்து பொருந்துகிறது. பகிர்வையே நம்பியிருக்கும் செய்தித் தளத்துக்கு ரோமன் எழுத்து வசதி. உலாவிகளும் செயலிகளும் படியெடுக்கும்போதும் தமிழைத் தமிழாகவே கொடுக்கத் தொடங்கினால் தராசு தமிழ்ப் பக்கம் சாயலாம். ரோமனில் எழுதுவோருக்கு எல்லோரும் ஏற்கும் எளிய எழுத்துக்கூட்டல் ஒன்று வருமா என்பதும் தெரியாது.

அதுவரை, தளம் நடத்துவோர் செய்யக்கூடியவை எளியவை. தலைப்பிலிருந்து மூன்று நான்கு முதன்மைச் சொற்களைக் கையால் தேர்ந்து வையுங்கள். முன்னால் மாறாத எண் ஒன்று நிற்கட்டும். ரோமனில் எழுதுவதென்றால் ஊர்ப்பெயர், ஆள்பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலை அலுவலகத்துக்குள் வகுத்து, எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். வெளியிட்ட முகவரியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பம் வைத்துவிட்டு மாற்றுங்கள்.